நீர் காத்தலும் நீர் நீக்கலும்: தூத்துக்குடிக் கரையின் கோடைத் தீனி

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமழை வெக்கையைத் தணிக்கும் ஆனி, ஆடி மாதங்களிலும் தூத்துக்குடிக் கரையில் கோடை முடிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அக்காற்றின் ஈரத்தைத் தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிக்கொள்ள, மலையைக் கடந்து வரும் வறண்ட காற்று மட்டுமே இப்பகுதியை அடைகிறது. ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. நகரின் பெரிய விழாவான பனிமய மாதா பேராலயத் திருவிழா, சூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை, வெயில் குறையாத நாட்களில்தான் நடைபெறுகிறது. இந்த வறட்சியே உப்பளங்களை வாழவைப்பது. ஆனால் மழையற்ற இந்நிலத்தின் விளிம்பில் மன்னார் வளைகுடா கிடப்பதால், நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் வறண்டிருந்த காற்று ஈரமாகிவிடுகிறது. காய்ச்சும் வெயிலும் கனத்த ஈரக்காற்றும் மாறி மாறி ஆளும் இக்கரையில் கோடைத் தின்பண்டங்கள், பானங்கள், விருந்துகள் ஆகியவற்றை உற்று நோக்கினால், அவற்றில் பெரும்பாலானவை நீரைப் பொருளுக்குள் நிறுத்திவைக்கும் உத்தியாகவோ, பொருளிலிருந்து நீரை வெளியேற்றும் உத்தியாகவோ இருப்பது புலப்படும்.

மனித உடலிலிருந்தே தொடங்கலாம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை, அதாவது சுமார் 35 பாகை செல்சியசை, நெருங்கியதும் உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்கு நேரடியாகக் கைமாற்ற முடியாமல் போகிறது; அப்போது எஞ்சும் வழி வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதே வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுந்தால் அது எடுத்துச் செல்வது அநேகமாக ஒன்றுமில்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாவது தடைப்படுகிறது என்பதால், கரிசல் காட்டில் கோவில்பட்டியோ விளாத்திகுளமோ அனுபவிக்கும் 38 பாகையைவிடத் துறைமுகத்தருகே உணரப்படும் 35 பாகை மனிதரை அதிகம் வாட்டுவது உண்டு.

இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கோடைப் பானங்களைப் பற்றிய சில நம்பிக்கைகளை எடைபோடுவது எளிது. ஐந்து பாகையில் குளிரூட்டிய 300 மில்லி நீரை அருந்தினால், அது உடல் வெப்பநிலைக்குச் சூடேற எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 40 கிலோஜூல். வெறும் 17 கிராம் வியர்வை, அதாவது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி அளவு, ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி அதற்குச் சமம். குளிர்பானம் தொண்டைக்குத் தரும் இன்பம் பெரிது. உடலின் வெப்பக் கணக்கில் அதன் பங்கு சிறிது. சூடான பானம் வெக்கையைத் தணிக்கும் என்ற எதிர்க்கருத்துக்கும் ஓரளவு சான்று உண்டு: கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், வெந்நீர் அருந்தியோர் கூடுதலாக வியர்த்ததும், அவ்வியர்வை முழுவதும் ஆவியான சூழலில் உடலில் தேங்கிய வெப்பம் குறைந்ததும் பதிவாயின. சுக்குக் காப்பியை உச்சிவெயிலில் பரிந்துரைக்கும் பெரியவர்களுக்கு இது துணை நிற்கும், ஆனால் உலர்ந்த காற்றுள்ள இடங்களில் மட்டுமே. ஈரக் கடற்காற்றில் அந்தக் கூடுதல் வியர்வை சட்டையை நனைப்பதோடு நின்றுவிடும்.

மிளகாய்க்கும் இதே விதி பொருந்தும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், சுமார் 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பியையே தூண்டுகிறது என்பதை டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு 1997இல் கண்டறிந்தது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசுக்கு அக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது. நாக்கில் பட்டது காரம்தான் என்றாலும் மூளைக்குப் போய்ச் சேரும் செய்தி சூடு என்பதாகவே இருப்பதால் நெற்றியும் மூக்கும் வியர்க்கின்றன. மோர் மிளகாயின் காரம் பச்சை மிளகாயினதைவிட இதமாக இருப்பதில் மோருக்கும் பங்கு உண்டு. பாலின் புரதமான கேசீன் கேப்சைசினைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது.

வியர்வையோடு உப்பும் போகிறது. ஆளுக்கும் உழைப்புக்கும் ஏற்ப, ஒரு லிட்டர் வியர்வையில் ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பு இருக்கலாம். இழந்த நீரைக் குடல் விரைந்து உறிஞ்ச வேண்டுமானால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வர வேண்டும் என்பதற்கான விளக்கத்தை, அவ்விரண்டும் குடற்சுவரில் ஒரே வாயிலின் வழியே இணைந்து நுழைகின்றன என்ற கருத்தாக, ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலநாபிஸ் வனகாவ் முகாமில் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்து, முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு விகிதத்தை நான்கு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பும் சிறிது சர்க்கரையும் போட்டுத் தரும் வழக்கமும், நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கமும் இவ்விதிக்கு நெருங்கி நிற்பவை. நன்னாரி சர்பத்தில் உப்பு இல்லை. அதன் கவர்ச்சி மணத்தில் இருக்கிறது. நன்னாரி வேரின் மணப்பொருள், ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வெனிலினைப் போன்றே எட்டுக் கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. அணுக்கள் இணைந்திருக்கும் வரிசை மட்டுமே வேறு. நன்னாரியை முதன்முறை பருகும் வெளிநாட்டவர் வெனிலாவின் சாயலை உணர்வதில் வியப்பில்லை. சர்பத்தில் விழும் ஐஸ் கட்டி பற்றி ஓர் எச்சரிக்கை: மீன் பாதுகாப்புக்கான ஐஸ் ஆலைகள் மிகுந்த துறைமுக நகரில், உண்ணத் தகாத ஐஸ் கட்டியும் குவளைக்குள் வர வாய்ப்புண்டு என்பதால்தான், அத்தகைய ஐசில் நீலச் சாயம் சேர்க்கும்படி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வலியுறுத்துகின்றனர்.

இக்கரையின் தலைசிறந்த கோடைப் பானம் பதநீர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. உடன்குடி, குதிரைமொழி வட்டாரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் வேறு எப்பயிரும் தயங்கும் இடத்தில் பனை வளர்கிறது. பனையில் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. நுங்கு பெண்பனையில் மட்டுமே காய்க்கும், பதநீர் இரண்டின் பாளையிலிருந்தும் வடியும். இலைகள் வெயிலில் உருவாக்கிய சர்க்கரையைப் பூங்கொத்துக்குக் கொண்டுசெல்லும் சாறே பதநீர் என்பதால், பாளையை இடுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட்டால், வளர வேண்டிய காய்க்குச் சேர வேண்டியது கலயத்தில் சொட்டுகிறது. நூறு மில்லி பதநீரில் ஏறத்தாழப் பத்து முதல் பதின்மூன்று கிராம் சர்க்கரை இருக்கும். அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரையிலுள்ள அதே பொருள்.

இவ்வளவு இனிப்பும் இவ்வளவு நீரும் இவ்வளவு வெப்பமும் ஓரிடத்தில் கூடினால் நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் நுண்துளைகளிலும் தங்கியிருக்கும் ஈஸ்ட்டுகள் தம் இன்வெர்ட்டேஸ் நொதியால் சுக்ரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைத்து, பின் அவற்றைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. மரத்தின் உச்சியில் தொங்கும்போதே இது தொடங்கிவிடுவதால், ஓர் இரவு கழிந்தால் கலயத்தில் இருப்பது கள். இந்த மாற்றத்தைப் பனையேறிகள் தடுப்பது கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பால். நீற்றிய சுண்ணாம்பு கரைந்த நீரின் காரத்தன்மை, அமில-கார அளவீட்டில் பன்னிரண்டைத் தாண்டக்கூடியது. நடுநிலையான ஏழின் அருகே பிறக்கும் பதநீரை அது எட்டுக்கும் மேலே தள்ளிவிட, அமிலச் சூழலை விரும்பும் ஈஸ்ட்டின் வேகம் குறைகிறது, நொதியின் வேலையும் தடைப்படுகிறது. முற்றாக நின்றுவிடுவதில்லை. வெயில் ஏறியபின் விற்கப்படும் பதநீரில் லேசான நுரையும் புளிப்பும் தலைகாட்டுவது, சுண்ணாம்பின் காவலைப் புளிப்பு மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆகவே பதநீரின் நேரம் விடியற்காலை.

சுண்ணாம்பின் பிறப்பிடம் இங்கு முத்தோடு உறவுடையது. கிளிஞ்சல்களைச் சூளையில் இட்டுச் சுமார் 900 பாகை வரை சூடேற்றினால், அவற்றின் கால்சியம் கார்பனேட் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் ஊற்றினால் சீறிச் சூடாகி நீற்றுச் சுண்ணாம்பாகிறது. முத்தும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான், நுண்ணிய தட்டுகளாக அடுக்கப்பட்டு இடையே சிறிது புரதத்தால் ஒட்டப்பட்டது என்பதே வேறுபாடு. கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் முத்துப் பார்களில் நடைபெற்ற முத்துக்குளிப்பு இக்கரையின் பெரிய கோடைத் தொழிலாக இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் அது மீண்டும் நடைபெறவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியதோடு அவ்வரலாறு ஆய்வகத்துக்குள் சென்றுவிட்டது. கிளிஞ்சல் மட்டும் பனையின் உச்சிவரை ஏறிக்கொண்டிருக்கிறது.

பதநீரைச் சத்துப் பானம் என்று போற்றுவோர் அதன் சர்க்கரை அளவையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். பதநீரில் இனிப்பு அதைப்போல் ஏழு முதல் ஒன்பதரை மடங்கு வரை. பொட்டாசியம் போன்ற தாதுக்கள் அதில் உண்டு என்பது உண்மையே ஆயினும், செறிந்த சர்க்கரைக் கரைசல் இரைப்பையைவிட்டு மெதுவாகவே இறங்கும் என்பதால், தாகம் தீர்க்கும் பானமாக அன்றி ஓர் உணவாகக் கொள்வதே அதற்கு நியாயம். பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி அதில் நுங்கைப் போட்டுத் தருவது, ஒருவகையில் இக்குறையைத் தீர்க்கிறது. நுங்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீர், சர்க்கரை குறைவு. விதை முளைக்கும்போது உணவாக வேண்டிய இளஞ்சதையே நுங்கு. அதில் கேலக்டோமன்னன் என்ற கிளைத்த சர்க்கரைச் சங்கிலிகள், தம் கிளைகளால் ஒன்றோடொன்று நெருங்க முடியாமல் விலகி நிற்பதால், இடைவெளியில் ஏராளமான நீரைப் பிடித்து வழுக்கும் கூழாக நிற்கின்றன. காய் முற்ற முற்ற அந்தக் கிளைகள் குறைகின்றன, சங்கிலிகள் நெருங்கிப் படிகம்போல் அடுக்காகின்றன, நீர் வெளியேறுகிறது. கட்டைவிரலால் தோண்டியெடுத்த அதே பொருள் சில வாரங்களில் கத்தியும் இறங்காத கொட்டையாகிவிடுகிறது. முதிர்ந்த நுங்கைக் கடுக்காய் என்று ஒதுக்கும் வாடிக்கையாளர் உண்மையில் நீரிழந்த நுங்கையே ஒதுக்குகிறார்.

விற்று எஞ்சும் பதநீர் கருப்பட்டியாகிறது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்ச வேண்டியிருப்பதால் விறகுச் செலவும் உழைப்பும் கடுமையானவை. பதநீர் புளித்திருந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி பிடிக்காது; சுக்ரோஸ் உடைந்து உண்டான குளுக்கோசும் பிரக்டோசும் படிகம் உருவாவதைக் குலைத்துவிடும். காய்ச்சும் பாகு பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது ஒரு பழைய கைவேலை: நுரைக்குமிழியின் சுவர் மிக மெல்லிய நீர்ப்படலம், அதன்மீது எண்ணெய்த் துளி பரவினால் படலம் கிழிந்து குமிழி உடைகிறது. இறுகிய பாகைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் உருவாகும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீருக்குக் காலை முதல் நண்பகல் வரை என்றிருந்த ஆயுள், நீரை ஓட்டிவிட்டதால் கருப்பட்டிக்கு மாதங்கள் என்றாகிறது.

நீரை முழுவதும் ஓட்டாமலே அதை நுண்ணுயிர்களுக்கு எட்டாததாக்கவும் முடியும். உப்பு அதைச் செய்கிறது. உணவியலார் நீரின் அளவைவிட அந்நீர் எவ்வளவு கட்டற்றது என்பதையே கவனிப்பர். தூய நீருக்கு ஒன்று என்ற எண்ணைத் தந்து பிறவற்றை அதற்குக் கீழே அளக்கும் இவ்வளவுக்கு நீர்ச்செயல்திறன் என்று பெயர். உப்பு இனிக் கரையாது என்ற அளவு கரைந்த நீரின் மதிப்பு 0.75. உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.90க்குக் கீழே பெருக இயலாதவை. இந்த 0.75 என்ற எண்ணே, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அடுக்களை உப்பு கசியத் தொடங்குவதையும் விளக்குகிறது. உப்பு விளையும் ஊரிலேயே உப்புச் சாடி ஈரித்துக் கிடப்பது இதனால்.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை நிலவுவதால், உச்சக் கோடையில் நாட்டுப்படகும் வள்ளமும் கொண்டுவரும் மீன் மட்டுமே சந்தைக்கு வருகிறது. சீலாவும் விளமீனும் விலையேறும் அந்நாட்களில் கருவாடு தன் பழைய மதிப்பை மீட்டுக்கொள்கிறது. மீனின் வயிற்றைக் கீறி உப்பை அடைக்கும்போது, சவ்வூடு பரவலால் தசையின் நீர் வெளியே இழுபட, உப்பு உள்ளே நுழைகிறது; பின் வெயிலும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களில் பரப்பு மிகுதி என்பதால் உப்பே இல்லாமலும் விரைந்து உலரும். மணலில் பரப்பியதைவிட உயரமான பரணில் காய்வது வேகமாகவும் துப்புரவாகவும் இருப்பதற்கு, மீனின் அடிப்புறத்திலும் காற்று புகுவதே காரணம். உப்பை விரும்பும் உயிர்கள் இதற்கும் விலக்கு: கடைசி நிலைப் பாத்திகளில் உப்பளநீர் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமான ஹேலோபாக்டீரியம் இனம், அவ்வுப்போடு சேர்ந்து கருவாட்டுக்கும் வந்து, ஈரக்காற்றில் அதன்மேல் செம்படலமாகப் படர்ந்து நாற்றமடிக்கச் செய்துவிடும். கடலுக்கு அப்பாலிருந்து தோணிகளில் வந்த மாசி, அதாவது சூரையை வேகவைத்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்தியெடுத்த மாலத்தீவுக் கருவாடு, இவ்வகையில் இன்னும் கெட்டியானது. கத்தியால் சீவித்தான் சம்பலுக்குப் போட வேண்டும்.

பச்சை மீனை வாங்குவோர் கோடையில் அஞ்ச வேண்டியது நாற்றத்தை அன்று. நாற்றம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்: கடல்மீன் உப்புநீரில் வாழத் தன் தசையில் தேக்கிவைக்கும் டிரைமெத்திலமைன் ஆக்சைடைப் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுவதால் எழுவதே அது, புளியின் அமிலம் அப்பொருளோடு வினைபுரிந்து ஆவியாகாத உப்பாக்கிவிடுவதால்தான் புளிக்குழம்பில் மீன்வாடை அடங்குகிறது. அஞ்ச வேண்டியது வேறு: சூரை, அயிலை போன்ற செந்தசை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, மணத்திலும் நிறத்திலும் பெரிதாகக் காட்டாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலை கனக்கும்போது பலர் அதை மீன் ஒவ்வாமை என்று எண்ணி, வாழ்நாள் முழுவதும் சூரையை விலக்கிவிடுகின்றனர். குற்றம் மீனுடையது அன்று, ஐஸ் போடாமல் விட்ட நேரத்தினுடையது.

வீட்டு விருந்துகளிலும் நேரமே முக்கியம். காயல்பட்டினத்தில் திருமண நாட்களில் சஹன் என்ற ஒரே பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து நெய்ச்சோறும் களறிக் கறியும் உண்ணும் வழக்கத்தில், அண்டாவிலிருந்து சூடாக எடுத்த சோறு பந்திக்குப் பந்தி தீர்ந்துவிடுகிறது. மீந்த சோற்றில்தான் சிக்கல். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்து, கொதிநிலையையும் தாங்கி, 5 முதல் 60 பாகை வரையிலான வெப்பத்தில் கிடக்கும் சோற்றில் முளைத்து, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நஞ்சைச் சுரக்கக்கூடியவை. பழைய சோறு இந்த ஆபத்திலிருந்து பெருமளவு தப்புவது தற்செயல் அன்று: ஆறிய சோற்றில் நீர் ஊற்றியதும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகி, நீரைப் புளிப்பாக்கி, மற்றவற்றுக்கு இடங்கொடாமல் செய்கின்றன. எனவே சோறு மணிக்கணக்கில் வெறுமனே திறந்து கிடந்து, படுக்கப்போகும் முன் நினைவு வந்து நீர் ஊற்றுவதைவிட, ஆறியவுடன் ஊற்றிவிடுவது பாதுகாப்பானது. ஆறும் சோற்றின் மாவுப்பொருள் மீண்டும் ஓரளவு படிகமாகி, நம் நொதிகளுக்குக் கட்டுப்படாத வகையாக மாறுவதால், அதன் ஒரு பங்கு பெருங்குடல் வரை சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றின்மேல் இன்று ஏற்றிச் சொல்லப்படும் அற்புதங்களுள் பல மிகை. சின்ன வெங்காயமும் ஒரு துண்டு கருவாடும் உடன் இருந்தால் அது நல்ல காலை உணவு என்பதற்கு அற்புதம் எதுவும் தேவைப்படவில்லை.

மாலையில் ரோச் பூங்காவிலும் முத்துநகர் கடற்கரையிலும் கூட்டம் சேர்ந்து, இருட்டியபின் பரோட்டாக் கடைகளுக்குக் கலைவது இந்நகரின் கோடை வழக்கம். உண்ட உணவைச் செரிக்க உடல் செலவிடும் ஆற்றலும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. புரதத்தில் அது உட்கொண்ட ஆற்றலின் 20 முதல் 30 விழுக்காடு வரை, மாவுப்பொருளில் 5 முதல் 10 விழுக்காடு வரை, கொழுப்பில் அதனினும் குறைவு. கறியும் சால்னாவும் சேர்ந்த கனத்த உணவை வெயில் தணிந்தபின் வைத்துக்கொள்வதில் ஆகவே பொருள் உண்டு.

தூத்துக்குடியின் பெயர்பெற்ற பொரிச்ச பரோட்டாவில் மைதாவின் இரு புரதங்களான கிளயாடினும் குளுட்டெனினும் நீரோடு பிசையும்போது பின்னிப் பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. உருண்டைகளை எண்ணெய் தடவி ஊறவைப்பது அந்த வலையின் இறுக்கம் தளரவே. தளர்ந்தபின் வீசினால் மாவு கிழியாமல் மறுபக்கம் தெரியும் அளவுக்கு விரிகிறது. விரித்ததைச் சுருட்டும்போது அடுக்குகளுக்கிடையே நிற்கும் எண்ணெய், அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. அதைச் சுமார் 170, 180 பாகைச் சூட்டிலுள்ள எண்ணெயில் போட்டதும் மாவிலுள்ள நீர் ஆவியாகிப் பீறிடுகிறது. பலரும் நினைப்பதற்கு மாறாக, அந்நேரத்தில் எண்ணெய் உள்ளே அதிகம் நுழைவதில்லை, வெளியேறும் நீராவி அதை எதிர்த்துத் தள்ளுகிறது; பரோட்டாவை வெளியே எடுத்து ஆறவிடும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, அந்த வெற்றிடமே மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. எடுத்தவுடன் சூட்டோடு எண்ணெயை வடித்துவிடும் கடையின் பரோட்டா கனமற்றிருப்பதும், குவித்து வைத்துவிடும் கடையினது வயிற்றில் நிற்பதும் இதன் விளைவே. நொறுக்கிச் சால்னா ஊற்றியதும் உலர்ந்த அடுக்குகளின் நுண்வழிகள் நீரை மீண்டும் ஏற்றுக்கொள்கின்றன. மொறுமொறுப்பு ஓரிரு நிமிடத்தில் போய்விடும் என்பதால், சால்னாவைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்வோர் நுட்பம் அறிந்தவர்கள்.

நீர் நீக்கும் கலையின் உச்சம், முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்தனர். அவர்கள் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த முந்திரி, ஐரோப்பிய மக்ரூனின் பாதாமுக்கு மாற்றாக இங்கே அமர்ந்தது. முட்டை வெள்ளையில் பத்துப் பங்குக்கு ஒன்பது நீர், எஞ்சியது பெரும்பாலும் புரதம். அடிக்க அடிக்கப் புரத மூலக்கூறுகள் சுருள் அவிழ்ந்து, நீரை விரும்பும் பக்கத்தை நீரிலும் வெறுக்கும் பக்கத்தைக் காற்றிலும் நிறுத்தி, குமிழிகளைச் சுற்றி ஒரு வலையாகின்றன. ஆமணக்கு பதநீரின் நுரையை அடக்கிய அதே காரணத்தால், மஞ்சள் கருவின் கொழுப்பு ஒரு துளி விழுந்தாலும் இந்த நுரை எழாது. சர்க்கரை நீரைப் பிசுபிசுப்பாக்கி அது குமிழிகளிலிருந்து வடிவதைத் தாமதப்படுத்துகிறது. பின்பு பொடித்த முந்திரியைக் குமிழி உடையாமல் மெல்லக் கலக்கிக் கூம்புகளாக ஊற்றி அடுப்பில் வைக்கின்றனர். கடுஞ்சூட்டில் வைத்தால் குமிழிகள் வெடித்து மேற்புறம் சிவந்துவிடும் என்பதால், தணிந்த சூட்டில் பல மணி நேரம் வாட்டி நீரை மட்டும் வெளியேற்றுவதே பேக்கரிக்காரரின் திறமை.

இவ்வாறு உலர்ந்த சர்க்கரை, படிகமாக ஒழுங்குபடாமல் கண்ணாடியைப் போன்ற நிலையில் உறைந்திருப்பதால் நீருக்கு அது தீராத ஆவலோடு காத்திருக்கிறது. சிறிதளவு ஈரம் புகுந்தாலே அந்நிலை குலைந்து, மொறுமொறுப்பு பிசுபிசுப்பாகிறது. ஆகவே கடற்காற்று வீசும் பிற்பகலில் பொட்டலத்தைப் பிரித்துவைத்தால் மாலைக்குள் மக்ரூன் நாக்கில் கரைவதற்கு மாறாகப் பல்லில் ஒட்டும். ஊருக்குத் திரும்புவோர் முத்துநகர் விரைவு வண்டியின் குளிர்சாதனப் பெட்டியில் ஏறியபின் அதைத் திறப்பது நல்லது; குளிரூட்டும் கருவி காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தையும் வடித்துவிடுவதால் அங்கே மக்ரூன் நொறுங்கும். தொடர்வண்டி நிலையத்து நடைமேடையில் திறந்தால் மூடியைத் திறந்த கையோடு தின்று முடித்துவிட வேண்டும்.